அஞ்சாம் ஃபாரம்

ஒரு புத்தகம் எப்படி உண்டாகுதுன்னு நெனைக்கீக? கோட்டு போட்ட ஆளு ஒருத்தரு மேசையில உக்காந்து எழுதுவாரு, அம்புட்டுத்தான்னு நெனைச்சா அது சுத்தத் தப்பு. அவரு எழுதி முடிச்ச பெறகு சிவகாசியில பெரிய பெரிய தாளா அச்சடிச்சு, லோடு ஆட்டோவுல ஏத்தி, சுத்துப்பட்டு ஊர்ப் பொம்பளைக வீட்டுல கொண்டாந்து எறக்குவாக. ஒரு தாள்ல பதினாறு பக்கம். விரிச்சுப் பார்த்தா பாதிப் பக்கம் தலைகீழா நிக்கும். அறுபத்தஞ்சாம் பக்கத்தை ஒட்டி எண்பதாம் பக்கம் உக்காந்திருக்கும். மூணு மடிப்பு மடிச்சாத்தான் எல்லாம் வரிசைக்கு வரும். மடிச்ச அந்தப் பதினாறு பக்கத்துக்குப் பேரு ஃபாரம். பத்துப் பதினஞ்சு ஃபாரத்தை அடுக்கி, ஒட்டி, அட்டை போட்டா அப்பத்தான் அது புத்தகம்.

நாரணாபுரத்து வள்ளித்தாய்க்கு எப்பவும் வர்றது அஞ்சாவது ஃபாரம். புத்தகம் பேரு ‘உச்சியில் உனக்கொரு நாற்காலி’. மனுசன் எப்படி முன்னேறணும், எப்படிச் செயிக்கணும்னு சொல்லிக்குடுக்குற புத்தகம். சனங்க அதை அள்ளி அள்ளி வாங்குனாக போல, மூணு மாசத்துக்கு ஒருக்க மறுபடி அச்சாகும், மறுபடி லோடு வரும். கை பழகுன ஃபாரத்தை மாத்தக்கூடாதுன்னு பைண்டிங் சூப்பர்வைசர் ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தாரு. நாலாவது ஆமத்தூருக்கு. ஆறாவது அச்சங்குளத்துக்கு. அஞ்சாவது வள்ளித்தாய்க்கு. ரெண்டே முக்கால் வருசத்துல அந்த அறுபத்தஞ்சுலேருந்து எண்பது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம். அறுபத்தி நாலுல என்ன இருந்துச்சுன்னும் தெரியாது, எண்பத்தொண்ணுல என்ன வரும்னும் தெரியாது. அந்தப் பதினாறே பக்கத்தை வச்சுக்கிட்டு ஒரு குடும்பம் பொழைச்சுதுன்னா நம்புவீகளா? மடிக்கிற கூலியைச் சொல்லல. அந்தப் பக்கத்துல எழுதியிருந்ததைச் சொல்றேன்.

அவ வீட்டுக்காரரு தங்கச்சாமி ஒரு பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேனா இருந்தவரு. வாட்டசாட்டமான ஆளு, வெங்கலத் தொண்டை. மூணு வருசத்துக்கு முன்னாடி, தீபாவளி சீசன் உச்சத்துல, அவரு பார்த்துக்கிட்டிருந்த ரூம்கள்ல ஒண்ணு வெடிச்சுப் போச்சு. உள்ள உக்காந்து வெடிக்குள்ள வெடிமருந்து செலுத்திக்கிட்டிருந்தது கண்ணுச்சாமி, இவரு தம்பி மாதிரி வச்சிருந்த ஆளு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு. தங்கச்சாமி மேல ஒரு கீறல் இல்ல. வெடிச்ச நேரத்துல அவரு வேப்பமரத்தடியில நின்னு போன் பேசிக்கிட்டிருந்தாரு.

“குலசாமி காப்பாத்திருச்சு”ன்னாக எல்லாரும். அவரு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு மூடுன வாயை மூடுனதுதான். சோறு வச்சா சாப்பிடுவாரு. வைக்கலைன்னா கேக்க மாட்டாரு. தூக்கம் அடியோட போச்சு. விருதுநகர்ல டாக்டர்ட்டக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கியாந்தா வள்ளித்தாய். அதைப் போட்டா கட்டையாட்டம் கெடப்பாரு, முழிச்சா இன்னும் மோசமா இருக்கும். திருப்பூர்ல வேலை பார்க்குற மகன் முனியராஜ் போன் போட்டு, “அப்பாட்ட குடும்மா”ம்பான். இவரு போனைக் காதுல வச்சுக்கிட்டு மூச்சு விடுவாரு, அம்புட்டுத்தான். அங்கிட்டு அந்தப் பய, “அப்பா, அப்பா”ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பான்.

ஒரு நாள் காலையில கிணத்து மேட்டுல போய்த் தனியா நின்னுக்கிட்டிருந்தாருன்னு ஆடு மேய்க்கிறவக கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டாக. ஆத்தாடி, வள்ளித்தாய்க்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. மறுநாளே வெளிவேலையை விட்டுட்டு, வீட்டோட இருந்து மடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டா. இந்த மனுசனை உசுரோட வச்சுக்கணும். அவளுக்கு அது ஒண்ணுதான் வேலை, மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

லோடுல பாழாப்போன தாள் ஒண்ணு ரெண்டு கெடக்கும். மை பரவியிருக்கும், இல்லன்னா கோணலா அடிச்சிருக்கும். அதை நாமளே எடுத்துக்கிடலாம். அப்படி ஒரு தாளை மடிச்சு, பிளேடால ஓரத்தை அறுத்து, ஒரு மத்தியானம் வாய்விட்டு வாசிச்சா. வெயிலும் அசதியுமா கண்ணு சொக்கிக்கிட்டு வந்துச்சு, தூங்கிறக்கூடாதுன்னுதான் வாசிச்சா. யாரோ ஒருத்தரோட டைரி மாதிரி இருந்துச்சு.

‘இன்று நான் ஒன்றும் செய்யவில்லை. உலகம் நின்றுவிடவில்லை. எதிர்வீட்டு முருங்கை எப்போதும்போல் பூத்திருந்தது.’

அதுக்குக் கீழ இன்னொரு நாளு.

‘வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் வானத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். வேலை அங்கேயே இருந்தது. அதற்கு என்ன அவசரம்?’

சுவரைப் பார்த்து உக்காந்திருந்த தங்கச்சாமி மெதுவாத் திரும்புனாரு.

“திருப்பி வாசி,” அப்படின்னாரு.

ஏழு வாரத்துக்கப்பறம் அந்தத் தொண்டையிலேருந்து வந்த மொதப் பேச்சு அது. வள்ளித்தாய்க்குக் கை கால் ஓடல. அழுதுட்டா எங்க மறுபடி வாயை மூடிருவாரோன்னு பயந்து, அழுகையை முழுங்கிக்கிட்டு, திருப்பி வாசிச்சா. சாயங்காலம் வரைக்கும் வாசிச்சா. அன்னைக்கு மடிப்பு வேலை ஒண்ணும் ஆகல. போனாப் போகுது!

அதுக்கப்பறம் அந்த வீட்டுல அந்தப் பதினாறு பக்கம் சொன்னதுதான் சட்டம். ‘காலையில் எழுந்ததும் கண்ட கனவை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாத கனவு நாள் முழுக்கக் காலில் இடறும்’னு எழுபதாம் பக்கத்துல இருந்துச்சு. சரி, கனவு சொல்லணும்னா கனவு வரணும், கனவு வரணும்னா தூங்கணும்ல? அந்த மனுசனுக்குத்தான் தூக்கமே இல்லையே. அதனால மொத மொதல்ல வள்ளித்தாய்தான் சொன்னா. அவளுக்குக் கனவு வராத நாள்லயும் சொன்னா. அதுல என்ன வந்துச்சு, கொஞ்சம் இட்டுக்கட்டுனா. நம்ம தெருவுல மல்லிகைப்பூ மழை பெஞ்சுச்சு, பஸ்ஸுக்குள்ள மீன் நீந்துச்சு, அச்சாபீஸ் மிசின் தாளுக்குப் பதிலா தோசை தோசையாத் தள்ளுச்சு. தோசைக்கு மட்டும் அவரு ஒதடு லேசா வளைஞ்சுச்சு.

‘மாலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். கொக்கு ஒன்று நின்றது. அது போகும்வரை நானும் போகவில்லை.’ இது எழுபத்திமூணாம் பக்கம். நமக்கு ஏரிக்கு எங்க போக, கண்மாய்தான். வெயில் தாழ்ந்ததும் ரெண்டு பேரும் போய்க் கரையில உக்காருவாக. தண்ணி இருக்குற மாசத்துல தண்ணியைப் பார்ப்பாக, இல்லாத மாசத்துல வெடிச்ச மண்ணைப் பார்ப்பாக. கருவேலங்காட்டுக்கு அங்கிட்டு இருக்குற கம்பெனிகள்ல பொழுது சாய்றப்போ புது வெடியைச் சோதிச்சுப் பார்ப்பாக. சத்தம் வர்றதுக்கு முன்னாடி நெறம் வந்துரும். பச்சையா, ஊதாவா, வெள்ளியா வானத்துல விரிஞ்சு, தண்ணிக்குள்ளயும் ஒண்ணு விரியும். மேல இருக்குறது அணைஞ்ச பெறகும் கீழ இருக்குறது கொஞ்ச நேரம் மினுங்கிக்கிட்டே இருக்குற மாதிரி வள்ளித்தாய்க்குத் தோணும். மொதல்ல அந்தச் சத்தத்துக்குத் தங்கச்சாமி தோள் குறுகும். நாளாக நாளாகத் தோள் குறுகுறது நின்னுபோச்சு. வேலை முடிஞ்சு சைக்கிள்ல வர்ற பொண்ணுக கையெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி, அந்த மங்கல் வெளிச்சத்துல வெள்ளிக் கையா மிதந்துக்கிட்டுப் போகும்.

ஊரு சும்மா இருக்குமா? “என்ன மதினி, இந்த வயசுல தெனமும் கண்மாய்க்கரைக்கு சோடி போட்டுக்கிட்டு!”ன்னு கேலி பேசுச்சு. “ஆமா, ஒனக்கு வயித்தெரிச்சலா இருந்தா நீயும் ஒன் ஆளைக் கூட்டிட்டு வா”ன்னா வள்ளித்தாய்.

அஞ்சாறு மாசம் கழிச்சு ஒரு காலையில, அவ அடுப்பைப் பத்த வைக்கையில, தங்கச்சாமி பாயில உக்காந்துக்கிட்டுச் சொன்னாரு.

“கண்மாய்ல ஒரு வெள்ளைக் குதுரை தண்ணி குடிச்சுச்சு புள்ள. குடிக்கக் குடிக்கத் தண்ணி கூடுச்சு.”

அவ அப்படியே குத்தவச்சு உக்காந்துட்டா. மனுசன் தூங்கியிருக்காரு! மாத்திரை இல்லாமத் தூங்கியிருக்காரு! கோட்டுக்காரரே, நீரு நல்லா இருக்கணும்யான்னு, பார்த்தேயிராத அந்த எழுத்தாளரை நெனைச்சு அவ கையெடுத்துக் கும்பிட்டா.

அப்படியே ரெண்டு வருசம் ஓடுச்சு. மகன்ட்ட போன்ல, “சாப்பிட்டியாலே?”ன்னு கேக்குற அளவுக்கு வந்தாரு. கம்பெனிப் பக்கம் மட்டும் போகல, ஒரு கோழிப்பண்ணையில காவலுக்குப் போனாரு. ஆனாலும் ரெண்டு விசயம் தீரல. ஒண்ணு, கண்ணுச்சாமி பொஞ்சாதி அருணாதேவி இருக்குற தெருவுக்குள்ள அவரு காலை வைக்க மாட்டாரு. கடைக்குப் போகணும்னாலும் ஊரைச் சுத்திக்கிட்டுப் போவாரு. இன்னொண்ணு, எண்பதாம் பக்கம்.

எண்பதாம் பக்கத்தோட கடைசி வரி இப்படி இருந்துச்சு: ‘இன்று ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருடமாக என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது என்னவென்று சட்டெனப் புரிந்தது. அதை’. அம்புட்டுத்தான். ‘அதை’யோட ஃபாரம் முடிஞ்சுபோச்சு!

“அதைன்னா எதை?”ன்னு தங்கச்சாமி கேக்காத நாளில்ல. “அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுபோச்சு வள்ளி. நெஞ்சுல இருக்குறதை எறக்கி வைக்குற வழி தெரிஞ்சுபோச்சு. எழுதியிருப்பாரு. அடுத்த பக்கத்துல எழுதியிருப்பாரு. அது தெரிஞ்சா நானும்...” அதுக்கு மேல சொல்ல மாட்டாரு. லோடு கொண்டாற்ற பாண்டிட்ட வள்ளித்தாய் எத்தனையோ தடவை, “ஒரு முழுப் புத்தகம் கொண்டாப்பா”ன்னு கேட்டா. “கண்டிப்பா யக்கா”ம்பான். அடுத்த நிமிசம் மறந்துருவான். அந்தப் புத்தகம் சிவகாசியில அச்சானாலும் விக்கிறதெல்லாம் மெட்ராஸ், கோயம்புத்தூர்ல. நம்ம பக்கத்துக் கடையில மருந்துக்குக்கூடக் கெடைக்காது.

இந்த ஆவணி மாசத்துல ஒரு மத்தியானம் பாண்டி அவசர அவசரமா வந்து லோடை எறக்குனான். “சீசன் டைம்க்கா, தலைக்கு மேல வேலை”ன்னு சொல்லிக்கிட்டே பறந்துட்டான். வள்ளித்தாய் கட்டைப் பிரிச்சு, மொதத் தாளை எடுத்து, மூங்கில் பத்தையால மடிப்பை நீவுனா. கையி வழக்கம்போல ஓடுச்சு. கண்ணு மட்டும் எங்கயோ தடுக்குச்சு. ஓரத்துல போட்டிருந்த நம்பரைப் பார்த்தா.

எண்பத்தொண்ணு.

எறங்கியிருக்குறது ஆறாவது ஃபாரம்! அச்சங்குளத்துக்குப் போக வேண்டியதை இந்தப் பாண்டிப் பய இங்கன தள்ளிட்டுப் போயிருக்கான். வீட்டுக்காரரு இன்னும் பண்ணையிலேருந்து வரல. பாழான தாளைத் தேடிக்கூடப் பார்க்கல, நல்ல தாளையே எடுத்து மடிச்சு, பிளேடைப் போட்டா. வாசிச்சா.

‘எழுதிவைக்கலாம் என்று வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

நண்பர்களே! இதுவரை நீங்கள் படித்தது ஒரு தோல்வியாளரின் நாட்குறிப்பு. படித்துச் சிரித்திருப்பீர்கள். இவர் கடைசிவரை ஒரு சொந்த வீடு கட்டவில்லை. ஒரு பதவி உயர்வு பெறவில்லை. கனவு சொல்லியும் கொக்கு பார்த்தும் வாழ்க்கையை வீணடித்தார். இவர் செய்த எதையும் நீங்கள் செய்யாதீர்கள்!’

வள்ளித்தாய் ரெண்டாந்தடவை வாசிச்சா. எழுத்து மாறல. அடக் கடவுளே, இது என்ன கூத்து! ரெண்டு வருசத்துக்கு மேலா அவுக வேதமா வச்சிருந்தது, இப்படி இருக்காதீகன்னு காட்டுறதுக்குப் போட்ட உதாரணமா? மேல வாசிச்சா, இன்னும் மோசம். வேகந்தான் உசுரு, நிக்கிறவன் செத்தவன்னு பக்கம் பக்கமா வெரட்டுறாரு அந்தக் கோட்டுக்காரரு. கும்பிட்ட கையாலேயே அவரை ரெண்டு சாத்து சாத்தணும்போல இருந்துச்சு. “ஒம்ம நாற்காலியில இடி விழ!”ன்னு வாய்விட்டுத் திட்டுனா.

கோவம் அடங்குனதும் பயம் வந்துச்சு. இவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அந்த டைரிக்காரரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவரு கரையேறியிருக்காரு. அந்த ஆளு ஒண்ணத்துக்கும் ஆகாதவன், அவன் கண்டுபிடிச்ச ‘அதை’யும் மறந்து தொலைச்சுட்டான்னு தெரிஞ்சா, மறுபடி வாயை மூடிருவாரா? மறுபடி கிணத்து மேட்டுக்குப் போவாரா? இதை மறைச்சுற வேண்டியதுதான். பாண்டிக்குப் போன் போட்டு வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிருவோம்னு போனை எடுத்தா.

வாசல்ல செருப்புச் சத்தம். அன்னைக்குன்னு பார்த்துப் பண்ணையிலேருந்து சீக்கிரமா வந்துட்டாரு.

தங்கச்சாமி பள்ளிக்கூடம் போனது மூணு கிளாஸுதான். எழுத்துக் கூட்டுறதுக்குத் திணறுவாரு, ஆனா நம்பர் நல்லாத் தெரியும். கம்பெனியில அம்புட்டு வருசம் ஃபோர்மேனா இருந்தவராச்சே. உள்ள வந்தவரு குனிஞ்சு பார்த்தாரு. ஒரு தாளைக் கையில எடுத்தாரு.

“எண்பத்தொண்ணு,” அப்படின்னாரு. “வள்ளி, எண்பத்தொண்ணு வந்துருச்சு.”

சாமி பார்த்த மாதிரி இருந்துச்சு அவரு மொகம்.

“வாசி,” அப்படின்னு சொல்லிச் சப்பணம் போட்டு உக்காந்தாரு.

அவ தாளை எடுத்தா. விரலை மொத வரியில வச்சா. கனவை இட்டுக்கட்டுன வாய்தானே, இதையும் கட்டிருவோம்னு துணிஞ்சா. புத்தகத் தமிழ்லயே சொன்னா: “‘அதை... எல்லோரும் அறிந்துகொள்ளட்டும். நடந்தது நடந்துவிட்டது. அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. இனி நிம்மதியாக இரு.’”

சொல்லிட்டு நிமிந்து பார்த்தா. அவரு மொகத்துல நிம்மதியக் காணோம். வெளிறிப் போயிருந்துச்சு.

“அப்படிப் போட்டிருக்காது,” அப்படின்னாரு.

“போட்டிருக்கு. இந்தா பாருங்க.”

“ஏ புள்ள, நீ வாசிக்கையில ஒன் விரல் ஓடும். இப்ப ஒரே எடத்துல நிக்குது.” அவரு குரல் தணிஞ்சு வந்துச்சு. “குத்தமில்லன்னு அந்த மனுசன் சொல்ல மாட்டாரு. உள்ளதை வாசி.”

அவ எம்புட்டோ கெஞ்சிப் பார்த்தா. வேண்டாம்ங்க, விட்டுருங்க, சாப்பிட்டுட்டு வாசிப்போம்னா. அவரு அசையல. கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டு, உள்ளது உள்ளபடி வாசிச்சா. மறந்துபோச்சுங்கறதை வாசிச்சா. தோல்வியாளர்ங்கறதை வாசிச்சா. அவரு கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தாரு. நிறுத்திருவோமான்னு பார்த்தா, “மேல”ன்னாரு. எண்பத்திமூணாம் பக்கம் வந்துச்சு.

“‘உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இயல்பாகவே மந்தமானவர்கள். அவர்களிடம் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்லுங்கள்: சீக்கிரம்! இன்னும் சீக்கிரம்! அந்த ஒரு சொல் உங்களை உச்சிக்குக்...’”

“நிறுத்து!”

அந்த வெங்கலத் தொண்டை மூணு வருசத்துக்கப்பறம் தொறந்துச்சு. தெருவுல போன சைக்கிள் நின்னுபோச்சு. தங்கச்சாமி எழுந்து அவ கையில இருந்த தாளைப் பிடுங்கிக் கசக்குனாரு.

“எவன்லே எழுதுனவன்! அவன் மருந்து ரூமுக்குள்ள உக்காந்திருக்கானாலே? செலுத்திப் பார்த்திருக்கானாலே? சீக்கிரமாம்ல, சீக்கிரம்! சொன்னேன்லே! நாஞ் சொன்னேன்லே!”

வள்ளித்தாய் உக்காந்த எடத்துல உறைஞ்சுபோனா.

“அவன் மெதுவாத்தான் செலுத்திக்கிட்டிருந்தான் வள்ளி. அப்படித்தான் செலுத்தணும். லோடு அஞ்சு மணிக்குக் கெளம்பியாகணும்னு ஆபீஸ்லேருந்து போனுக்கு மேல போனு. நாந்தான் வாசல்ல நின்னு வெரட்டுனேன். சீக்கிரம்லே கண்ணுன்னேன். அவன் சிரிச்சான். இன்னும் சீக்கிரம்லேன்னேன். சொல்லிட்டு மரத்தடிக்குப் போனேன். போனைக் காதுல வச்சுப் பேசிக்கிட்டிருக்கையிலேயே வெடிச்சுருச்சு.”

சொல்லி முடிச்சுச் சுவத்துல சாஞ்சு அழுதாரு. ஆம்பளை அழுறதை அவ பார்த்ததில்லைன்னு இல்ல, இந்த மாதிரிப் பார்த்ததில்ல. ஒரே பாயில பக்கத்துல படுத்துக் கெடந்த மனுசன், இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா தூங்காமக் கெடந்தாருன்னு நெனைக்கையில அவளுக்கும் கண்ணு நெறைஞ்சுச்சு. கண்ணுச்சாமியை நெனைச்சும் நெறைஞ்சுச்சு. அவரு கல்யாணத்துக்கு இவதான் ஆரத்தி எடுத்தா. ஒங்க மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழல. அது பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

அழுது ஓஞ்ச பெறகு அவரு மொகத்தைக் கழுவிட்டு வந்தாரு. கொடியில கெடந்த சட்டையை எடுத்து மாட்டுனாரு.

“எங்க கெளம்புறீக?”

“அருணா வீட்டுக்கு.”

அவளுக்கு மறுபடி உசுரு போயி வந்துச்சு. அந்தப் பிள்ளை என்ன சொல்லுமோ! மண்ணை வாரித் தூத்துமோ, வெளக்கமாத்தை எடுக்குமோ. எடுத்தாலும் கேக்க நமக்கு வாயில்ல. அங்கிட்டிருந்து இந்த மனுசன் திரும்பி வீட்டுக்கு வருவாரா, வேற எங்கிட்டும் போவாரா? போகாதீகன்னு சொல்ல நெனைச்சா. அவரு மொகத்தைப் பார்த்தா. சொல்லல. முந்தியை இழுத்துச் சொருகிக்கிட்டு அவளும் கூட நடந்தா.

வெயில் எறங்கி, தெரு பூராவும் மஞ்சளா இருந்துச்சு. அங்கிட்டு எங்கயோ வெடி சோதிக்கிற சத்தம் மெதுவா வந்துச்சு. வள்ளித்தாய்க்குக் கால் தரையில பாவல. ரெண்டு பக்கத்து வீடும் தூக்கத்துல பார்க்குற வீடு மாதிரி எட்டி எட்டிப் போச்சு. பக்கத்துல நடக்குற மனுசன் கையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டா. சூடா இருந்துச்சு. நெசந்தான், நடக்குறாக.

அருணாதேவி அவ வீட்டு வாசக் குழாயடியில தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தா. ரெண்டு பேரும் வர்றதைப் பார்த்ததும் நிமிந்தா. “வாங்க”ன்னும் சொல்லல, “என்ன”ன்னும் கேக்கல. தங்கச்சாமி அவளுக்கு நாலடி தள்ளி நின்னாரு. வழியெல்லாம் அவரு மனசுக்குள்ள எதை எதையோ கோத்துக்கிட்டு வந்திருக்கணும். ஒண்ணும் வரல. நேராச் சொல்லிட்டாரு.

“அருணா, அன்னைக்கு அவனை வெரட்டுனது நாந்தான். சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னது நாந்தான்.”

கொடம் நெறைஞ்சு தண்ணி வழிஞ்சு ஓடுச்சு. அருணாதேவி குனிஞ்சு குழாயை அடைச்சா.

“தெரியும்ண்ணே,” அப்படின்னா அருணாதேவி.

தங்கச்சாமி நிமிந்து பார்த்தாரு.

“ஆஸ்பத்திரில அவுகளுக்கு ரெண்டு நாளும் நெனைவு இருந்துச்சு. ‘அண்ணன் சீக்கிரம்னாரு, நானும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்’னு சொன்னாக. வேற யார்ட்டயும் சொல்லாதேன்னாக. ‘அண்ணன் வருவாரு, வந்தா நானே பேசிக்கிடுறேன்’னாக. கதவு ஆடுறப்பல்லாம் பார்த்தாக. நீங்க வரல.”

தங்கச்சாமி வாயைப் பொத்திக்கிட்டாரு. வள்ளித்தாய் அவரு முழங்கையை எட்டிப் பிடிச்சா.

“போலீஸ் வந்து கேட்டாக, கம்பெனிலேருந்து கேட்டாக, யார்ட்டயும் நான் சொல்லல. அவுக சொல்லாதேன்னாகன்னு மட்டும் இல்ல. ஒங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்.” அருணாதேவி குரல் அப்பத்தான் ஒடைஞ்சுச்சு. “ஒரு வருசம் பார்த்தேன். ரெண்டு வருசம் பார்த்தேன். கோவம் இருக்குண்ணே. இன்னும் இருக்கு. நீங்க வந்துட்டீகங்கறதுக்காக அது போயிறாது.”

“போக வேணாம்மா,” அப்படின்னாரு தங்கச்சாமி. “இருக்கட்டும்.”

அருணாதேவி சேலை முந்தியால மொகத்தைத் தொடைச்சா. கொடத்தைத் தூக்கி இடுப்புல வச்சா. வாசப்படியில ஏறி, திரும்பிப் பார்த்தா.

“அவுக போட்டோவை நெலைக்கதவுக்கு நேரா மாட்டியிருக்கேன். உள்ள வந்து அவுகட்ட சொல்லுங்க.”

தங்கச்சாமி செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டுட்டு, குனிஞ்சு உள்ள போனாரு.